ஒரு சோதனை மரண அறிவித்தல்

என் மனைவி பத்மாவதி இறந்துவிட்டாள் என்பதைப் பினாங்கு ஞானோதய இளைஞர் சபை இன்றுவரை எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இறந்துவிட்டேன் என்பதை ஒரே கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்டது. சபையில் எதுவும் வேகமாக நடப்பதில்லை என்று குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சபை மெக்காலிஸ்டர் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் கிராணி வேலைக்கென்று, அதாவது எழுத்தர் வேலைக்கென்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் தொடங்கியது. தொடங்கியபோது அவர்கள் இளைஞர்களாகத்தான் இருந்தார்கள். பிறகு வயதாகிவிட்டது. பெயரை மாற்றுவதென்றால் சங்கப் பதிவகத்துக்கு மனுச் செய்ய வேண்டும் என்பதால் இளைஞர் என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். கெலுகோர் பல்கலைக்கழக நூலகத்தில் ஓய்வு பெற்ற பிறகு நான் சேர்ந்தேன். என்னைவிட இளையவர் யாரும் இல்லாததால் நாற்காலி அடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

பத்மாவதி 1999 பிப்ரவரியில் சிறுநீரகக் கோளாறால் இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை என்று அவள் நினைத்தது தன் தம்பி சற்குணத்தை. அவன் பிறந்தபோதே தாய் இறந்துவிட்டதால் அவனை வளர்த்தவள் அவள்தான். எங்கள் கலியாணம் முடிந்து கப்பல் ஏறப் புறப்பட்ட அன்று காலையிலும் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வந்தாள். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடு நடந்தபோது அவனும் நடந்தான். பிறகு கொழும்பு, பிறகு மாஸ்கோ என்று செய்தி வந்தது. கடைசியாக ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து ஒரு கடிதம். அகதி முகாமுக்கு முகாம் மாற்றுகிறார்கள், முகவரி எழுதிப் பயனில்லை, விசா கையில் கிடைத்த பிறகுதான் அக்காவோடு கதைப்பேன், அக்கா அழுதால் என்னால் தாங்க முடியாது என்று எழுதியிருந்தான். அதன் பிறகு ஒன்றுமில்லை.

அவனுக்குச் சொல்ல வேண்டும். அவள் போன பிறகு எனக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அச்சடித்தேன். இறந்தவரின் வரலாறும் சில பாடல்களும் சேர்ந்த சிறு புத்தகம் அது. வந்தவர்களுக்குக் கொடுத்ததுபோக ஒரு கட்டு மீந்தது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் அலமாரியில் வைத்தேன். அப்போதுதான் யாரோ கனடாப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். உலகமெல்லாம் சிதறிப்போன எங்கள் ஆட்கள் ஊர்ச் செய்திக்கு ஒரே ஓர் இணையப் பக்கத்தைத்தான் பார்த்தார்களாம். எந்த நாட்டில் யார் இறந்தாலும் அதில் ஒரு வரி வரும். அந்த வரியை அழுத்தினால் முழு அறிவித்தலும் திறக்கும். முகாமில் இருப்பவர்கள்கூட நூலகத்துக்குப் போய் வாரம் ஒருமுறை பார்ப்பார்களாம். ஆனால் அதை நடத்தியவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். உயிரோடிருந்த ஒருவரை யாரோ விளையாட்டுக்குச் செத்ததாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, பதிவு பெற்ற சங்கத்தின் இணையத் தளத்தில் வெளியான அறிவித்தல்களை மட்டுமே அவர் சேர்த்துக்கொண்டார். சங்கங்கள் பொறுப்பாக நடந்துகொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை.

எங்கள் சபைக்குத் தளம் இல்லை. நான் கேட்டதும் செயற்குழு ஒருமனதாகச் சம்மதித்தது. சம்மதித்த கையோடு, உலகத்தில் உள்ள இணைய இடங்களையும் பக்கம் செய்யும் கருவிகளையும் ஆராய்ந்து சிறந்ததைத் தேர்ந்தெடுக்க ஒரு மதிப்பீட்டு உபகுழுவை அமைத்தது. நாற்காலி அடுக்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் போட்டார்கள். உள்ளே இருந்தால் பத்மாவதியின் அறிவித்தல் சீக்கிரம் போய்விடும் என்று நினைத்தேன். அத்தனை வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் இப்படி நினைத்திருக்கக் கூடாது.

உபகுழுவின் தலைவர் விநாசித்தம்பி. துறைமுகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து, சரக்குக் கிட்டங்கிகளைப் பார்த்துக்கொண்டவர். பொருளாளர் கனகசுந்தரம். தொழில்நுட்ப ஆலோசனைக்கு புஷ்பவள்ளி என்ற பெண்ணை அழைத்திருந்தார்கள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நேரத்தில் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பாள். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, நீலச் சட்டையை மாற்றாமலே கூட்டத்துக்கு வருவாள்.

முதல் கூட்டத்தில், நம் பக்கத்தை வைத்துக்கொள்ள யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இடம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். இடம் என்ற சொல்லைக் கேட்டதும் விநாசித்தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். இடத்தைப் பற்றி அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்றார். கூரை ஒழுகுமா, காவலாளி உண்டா, தீப்பிடித்தால் யார் பொறுப்பு, எலித் தொல்லை எப்படி என்று வரிசையாகக் கேட்டார்.

"எலியெல்லாம் இருக்காது அங்கிள். இது அமெரிக்காவுல இருக்கு."

"அமெரிக்காவில எலி இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

புஷ்பவள்ளி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலிகளைப் பார்த்தேன். எலி பற்றிய கேள்வி, அவளுடைய பட்டியலில் இருந்த ஐந்து நிறுவனங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. பதில் வரும்வரை அடுத்த கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நான்கு நிறுவனங்கள் பதில் போடவில்லை. ஒன்று மட்டும், உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது என்று எழுதியது. எழுத்துப்பூர்வமான உறுதிமொழி என்று அதைக் கோப்பில் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் இலவசமாக இடம் கொடுத்த நிறுவனங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்தன. உண்மையான தெரு இல்லை, சும்மா ஒரு அழகுக்கு. விநாசித்தம்பி அதை அழகுக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் யார் என்று பார்க்கச் சொன்னார். டெக்சஸில் ஒருவர் பன்றியை முழுதாக வாட்டுவது எப்படி என்று படங்களோடு எழுதியிருந்தார். சைவ சபையின் வாசலில் இந்த வாடை கூடாது என்று அந்த நிறுவனம் நிராகரிக்கப்பட்டது. எங்களுக்கு வேறு தெருவில் வேறு எண் வாங்கலாம் என்று புஷ்பவள்ளி சொன்னாள். வாங்கினாள். அந்த எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது. இன்னொரு நிறுவனத்தின் பக்கங்களில் மேலே விளம்பரம் ஓடியது. நீச்சலுடையில் ஒரு பெண் வந்து போனாள். நன்றாகத் தெரியவில்லை, மறுபடி போடு என்று கனகசுந்தரம் கேட்டார். பொறுப்போடு பல தடவை பார்த்த பிறகு, ஆட்சேபகரமானது என்று அவரே முன்மொழிந்தார்.

கருவிகளை ஆராய்ந்த கூட்டம் இன்னும் நீண்டது. பக்கம் செய்யும் மென்பொருள்கள் இரண்டைப் புஷ்பவள்ளி கொண்டுவந்திருந்தாள். மதிப்பெண் இட ஒரு தாள் வேண்டும். சபையிடம் ஒரே ஒரு மதிப்பெண் தாள்தான் இருந்தது. வருடா வருடம் சரஸ்வதி பூசையில் நடக்கும் தேவாரப் போட்டியின் தாள். புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டுமானால் செயற்குழுவுக்குப் போக வேண்டும். ஆகவே அதையே பயன்படுத்தினார்கள். உச்சரிப்பு, மனனம், பக்தி பாவம், உடை. முதல் மென்பொருள் பாதியில் நின்றுபோனதால் மனனத்தில் மதிப்பெண் இழந்தது. இரண்டாவதற்கு உடையில் பூச்சியம். பக்தி பாவத்தில் இரண்டும் சமம்.

நின்றுபோன மென்பொருள், நின்றுபோவதற்கு முன் ஓர் அறிவிப்புப் போட்டது. நீங்கள் சட்டவிரோதச் செயல் ஒன்றைச் செய்துவிட்டீர்கள், மூடப்படுவீர்கள் என்று ஆங்கிலத்தில். இது எல்லாருக்கும் வருவதுதான் என்று புஷ்பவள்ளி சொல்லிப் பார்த்தாள். ஆனால் பதிவு ரத்தாகிவிடும் என்ற பயத்திலேயே சபை பல வருடங்களாக உயிரோடிருந்தது. உறுப்பினர் எவரும் சட்டவிரோதச் செயல் எதிலும் ஈடுபடவில்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, நகலைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பினார்கள். பதிவகம் இதுவரை எங்களைச் சந்தேகிக்காமல் இருந்தது. அந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஓர் அதிகாரி வந்து கணக்குகளைப் பார்த்துவிட்டுப் போனார். இப்படியே ஜூலை ஆகிவிட்டது.

ஒரு மாலை வெளியே மாமரத்தடியில் புஷ்பவள்ளி என்னிடம் கேட்டாள். "அங்கிள், ஆன்ட்டியோட நோட்டிஸ நானே என் சொந்த எடத்துல போட்டுர்றேன்லா. இவங்க முடிக்கிறதுக்குள்ள எனக்கே பென்ஷன் வந்துரும்."

போட்டாள். அழகாகவே இருந்தது. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் சிறு எண் ஒன்று இருந்தது. ஒரு மாதம் கழித்து அது மூன்றில் நின்றது. ஒன்று அவள், மற்ற இரண்டும் நான். கனடாக்காரருக்கு எழுதினோம். பதிவு பெற்ற சங்கமா என்று கேட்டு ஒரே வரியில் பதில் வந்தது.

ஆகஸ்டில் உபகுழு இரண்டு நிறுவனங்கள்வரை வந்துவிட்டது. இரண்டிலும் ஒரே அறிவித்தலைப் போட்டு, எதற்கு அதிக அனுதாபம் வருகிறது என்று பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. எந்த அறிவித்தல் என்ற கேள்வி வந்ததும் நான் எழுந்து, பத்மாவதியுடையது தயாராக இருக்கிறது என்றேன். கல்வெட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

விநாசித்தம்பி கண்ணாடியைக் கழற்றினார். பத்மாவதிக்கு முன்னால் காத்திருப்போர் பட்டியலில் இறந்துபோன ஆயுட்கால உறுப்பினர்கள் மூவர் இருக்கிறார்கள் என்றார். பத்மாவதி உறுப்பினரின் மனைவி மட்டுமே. அது ஒருபுறமிருக்க, இது சோதனை. நாளைக்கு நிறுவனம் சரியில்லையென்று அறிவித்தலை எடுக்க நேர்ந்தால் அந்த ஆத்மா என்னவாகும்? இன்று இங்கே, நாளை அங்கே என்று போனவர்களை அலைக்கழிக்கக் கூடாது. சோதனைக்கு உயிரோடிருப்பவர்தான் பொருத்தம்.

எல்லாரும் ஆமோதித்தார்கள். யாருடைய பெயரைப் போடுவது என்றபோது ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தலைவர் என்ற முறையில் தன் பெயர் வந்தால் சபைக்கே அபசகுனம் என்றார் விநாசித்தம்பி. கனகசுந்தரத்தின் மனைவி சம்மதிக்க மாட்டாராம். பிறகு எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"பரமநாதன், உங்களுக்கெண்டால் பரவாயில்லை," என்றார் விநாசித்தம்பி, கனிவாக. "ஆட்சேபிக்க வீட்டில ஆளில்லை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் மனம் வேறு கணக்குப் போட்டது. என் மரண அறிவித்தலில் அவள் பெயரும் வரும். காலஞ்சென்ற பத்மாவதியின் கணவர் என்று ஒரு வரி போதும். சற்குணம் அதைப் பார்த்தால் தெரிந்துகொள்வான். நான் செத்ததாகத் தெரிந்தால் என்ன, அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். சம்மதித்தேன். அங்கேயே உட்கார்ந்து என் அறிவித்தலை எழுதிக் கொடுத்தேன்.

விநாசித்தம்பி படித்துவிட்டு, சிவப்பு மையால் ஒரு சொல்லை மட்டும் அடித்தார். காலஞ்சென்ற என்ற சொல்.

அது உண்மைதானே என்றேன்.

"உண்மையாயிருக்கலாம். ஆனால் அவாவின்ர அறிவித்தலுக்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கேல்ல. ஒப்புதல் இல்லாத மரணத்தைச் சபை தன் தளத்தில எப்படி வெளியிடும்? பின்கதவால போட்ட மாதிரி ஆகும்."

"பத்து கந்தோங் மயானத்துல நீங்கதானே அண்ணே பேசினீங்க. அவ பெட்டிக்குப் பக்கத்துல நின்னு."

"அங்க நான் தனிப்பட்ட முறையில வந்தனான்," என்றார்.

அந்த வாரமே புஷ்பவள்ளி பக்கத்தை ஏற்றினாள். அவளுக்கு மனமில்லை. நான்தான் வற்புறுத்தினேன், அந்தச் சொல்லைத் தலைவரிடம் எப்படியாவது பேசித் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றேன். அவள் ஏற்றி முடித்ததும் சபை கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி, உறையிலிட்டு, அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டியது. பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று தலைவரிடம். மற்றது கனகசுந்தரத்திடம். அடுத்த வாரம் கனகசுந்தரம் மகனைப் பார்க்க, சாவியோடு மெல்பர்னுக்குப் போய்விட்டார். பக்கம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்பதும் சோதனையில் ஒரு பகுதி என்பதால், விநாசித்தம்பி சபையின் கடிதத்தாளில் கனடாக்காரருக்கும் எழுதித் தொலைநகலில் அனுப்பிவிட்டார். பதிவு எண்ணோடு. கனடாப் பக்கத்தில் அன்றே ஒரு வரி வந்தது.

பினாங்கைச் சேர்ந்த பரமநாதன் காலமானார். பத்மாவதியின் அன்புக் கணவர். அழுத்தினால், என் படமும், மரபுப்படி தலைவர் சேர்க்கச் சொன்ன, அன்னாரின் பிரிவால் துயருறும் மனைவி பத்மாவதி என்று அவள் பெயரும்.

அனுதாபங்கள் வரத் தொடங்கின. லண்டனிலிருந்து என் பழைய பள்ளித் தோழன் எழுதினான். நான் அமைதியானவன், யாருக்கும் தீங்கு நினைக்காதவன், பழகுவதற்குச் சற்றுச் சலிப்பானவன் என்று எழுதியிருந்தான். சபையின் காவலாளி சுப்பையா பக்கத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதால் உள்ளூரிலும் பரவியது. புலாவ் டிக்குஸ் பசாரில் எனக்கு வழக்கமாகக் காய்கறி தரும் காமாரியா என்னைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கட்டுக் கீரை இலவசமாகக் கொடுத்தார்.

செப்டம்பர் கூட்டத்தில்தான் எனக்கு நிலைமை விளங்கியது. சபை விதிப்படி, இறந்த உறுப்பினரின் பெயர் அடுத்த கூட்டத்தில் நீக்கப்பட வேண்டும். சபையின் சொந்தத் தளத்தில் வெளியான மரணத்தைச் சபையே மறுக்க முடியாது. இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அவர்கள் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று நானும் எழுந்து நின்றேன். பிறகு தேநீர் வந்தது. பார்வையாளர் என்ற முறையில் எனக்கும் கொடுத்தார்கள்.

அப்போதுதான் சற்குணத்தின் பக்கமிருந்து யோசித்தேன். அவன் பார்த்தால் என்ன தெரிந்துகொள்வான்? அத்தான் போய்விட்டார், அக்கா தனியாக இருக்கிறாள். அதைத்தான் அந்தப் பக்கம் சொல்லியது. ஒன்றும் சொல்லாமல் இருந்ததைவிட இது மோசம்.

தலைவரிடம் போய்க் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு சொல்லையாவது சேருங்கள் என்றேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். வெளியிட்ட அறிவித்தலில் மாற்றம் செய்ய, சம்பந்தப்பட்ட உறுப்பினர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

"நான்தானே அண்ணே அந்த உறுப்பினர்."

"இருந்தீங்கள்," என்றார்.

உறுப்பினர் காலமாகிவிட்டால் அவருடைய நெருங்கிய உரித்தாளர் கையொப்பமிடலாம். அறிவித்தலில் உரித்தாளராகக் குறிப்பிடப்பட்டிருப்பவர் மனைவி பத்மாவதி. ஆகவே அவர் வந்து கையொப்பமிட்டால் உடனே ஆவன செய்யலாம் என்றார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அவர் முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது. மனைவியை அழைத்துவரச் சொல்லும்போது, மாடிப்படி ஏறச் சிரமமென்றால் சுப்பையா தாளைக் கீழே கொண்டுவந்து கையெழுத்து வாங்குவான் என்றும் சொன்னார்.

நான் வெளியே வந்து மாமரத்தடியில் நின்றேன். புஷ்பவள்ளிக்கு ஃபோன் செய்தேன். பழைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்றாள். நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தாளாம். கணக்கின் உரிமையாளரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்களாம். உரிமையாளர் சபை. "நான் நம்ம கனடாக்காரருக்கும் எழுதினேன் அங்கிள். நீங்க உசிரோட இருக்கீங்கன்னு. விளையாட்டு மெயிலுக்கு பதில் போட மாட்டேன்னுட்டாரு."

நானே எழுதினேன். எனக்கு அவர் பதில்கூடப் போடவில்லை. செத்தவனிடமிருந்து கடிதம் வந்தால் யார்தான் பதில் போடுவார்கள்?

அக்டோபரில் உபகுழுவின் அறிக்கை வெளியீட்டு விழா நடந்தது. விளக்கேற்றினார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். மாலையின் ஈரம் உள்ளே போய் அது அணைந்துவிட்டது. எனவே விநாசித்தம்பி மனப்பாடமாகப் பேசினார்.

"சபையோரே, உலகத்திலேயே இணைய இடங்களை ஆத்மார்த்தமாக மதிப்பிட்ட ஒரே சங்கம் நாங்கள்தான். மற்றவர்கள் வேகத்தைப் பார்க்கிறார்கள், கொள்ளளவைப் பார்க்கிறார்கள். நாங்கள் அனுதாபத்தைப் பார்த்தோம். இரண்டாவது நிறுவனத்தில் போட்ட அறிவித்தலுக்கு ஏழு நாடுகளிலிருந்து கண்ணீர் வந்திருக்கிறது. ஒரு சாதாரண உறுப்பினருக்கே இவ்வளவு என்றால், பெரியவர்கள் போகும்போது எவ்வளவு வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனவே அந்த நிறுவனத்தையே நிரந்தரமாகத் தேர்ந்தெடுக்கிறோம். நிரூபிக்கப்பட்ட உள்ளடக்கம் என்ற வகையில், பரமநாதனின் அறிவித்தல் நிரந்தரமாக முதல் பக்கத்தில் இருக்கும்."

கை தட்டினார்கள். காலஞ்சென்ற பரமநாதனின் சார்பில் பொன்னாடையைப் பெற்றுக்கொள்ள யாரும் இல்லாததால், என்னையே மேடைக்கு அழைத்துப் போர்த்தினார்கள். விழா முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உறுப்புரிமை போனதோடு அந்தப் பொறுப்பும் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை.

மறுவாரம், ஒரு மதிய நேரம். மழை வரும்போல் இருந்ததால் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"ஹலோ. இது பரமநாதன் ஆக்களின்ர வீடோ?"

குரல் கரகரத்திருந்தது. ஆனால் சொற்கள் பத்மாவதியின் சொற்கள். முப்பது வருடம் பினாங்கில் இருந்தும் மாறாமல் அவள் பேசிய பேச்சு. ஆமாம் என்றேன்.

"நான் சற்குணம். அக்காவின்ர தம்பி. நோர்வேயில இருந்து கதைக்கிறன். அக்காட்ட ஒருக்காக் குடுங்கோ."

செத்த வீட்டில் ஃபோன் எடுக்க வந்திருக்கும் யாரோ ஓர் உறவுக்காரன் என்று என்னை நினைத்திருக்கிறான். லைன் அறுந்துவிடும் என்ற பயம்தான் முதலில் வந்தது. உன் நம்பரை முதலில் சொல்லு தம்பி என்றேன். சொன்னான். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் எழுதி, இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். அவன் பொறுமையாக இருந்தான். பிறகு, நீங்கள் ஆர் கதைக்கிறது என்று கேட்டான்.

"நான்தான் தம்பி. அத்தான்."

அவன் சிரித்தான். அந்த வருடம் முழுதும் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அறையில் இருந்த மற்றவர்களிடம், அத்தான் உயிரோட இருக்கிறாராம், அது பிழையாம் என்று கத்தினான். அவர்களும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"உங்களைச் செத்ததா இங்க போட்டிருக்கினம் அத்தான். வாசிச்ச நாளில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்ல. விசா இன்னும் வரேல்ல. வராமக் கதைக்கிறேல்லையெண்டுதான் இருந்தனான். அக்கா தனிச்சுப் போனா, இனியும் பேசாமல் இருந்தால் நான் மனிசனே எண்டு எடுத்தன்." மூச்சு வாங்கினான். "அக்கா எங்க? குடுங்கோ. இப்பிடி ஒரு பிழையைப் போட விட்டதுக்கு அவாவை நல்லாப் பேசோணும்."

எட்டு மாதமாக இவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். முதலில் நோயைப் பற்றி, பிறகு ஆஸ்பத்திரியைப் பற்றி, பிறகு மெதுவாக. அதில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, நீ படிச்ச பக்கத்துல ரெண்டு பேரு இருந்துச்சில்ல."

"ஓம். உங்கடையும் அக்காடையும்."

"செத்தது நான் இல்ல."

அவனுக்குப் பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொன்னான். அங்கே சத்தம் நின்றது. துணிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான்," என்றான் கடைசியில். "நான் இவ்வளவு நாளும் உங்களுக்கெண்டெல்லோ அழுதனான்."

"அழுதது வீணாப் போகல தம்பி. ஆளைத்தான் மாத்திப் போட்டுட்டாங்க."

அவன் மறுபடியும் முதலிலிருந்து அழத் தொடங்கினான்.